சும்மா கொடுத்த ஷெட்

மண்வெட்டி இருக்க வேண்டிய இடம் படுக்கையறை இல்லை என்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. ஆனாலும் அந்தத் தோட்டக்காரியின் வீட்டில் அது அங்கேதான் இருந்தது. கட்டிலுக்கு அடியில் மண்வெட்டி, களைக்கொத்தி, கிளை வெட்டும் கத்தரி. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் புல் வெட்டும் மெஷின். சமையலறை ஜன்னலில், ஃபிரிட்ஜின் தலையில், பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் என்று கையகலம் இடம் கிடைத்தால் போதும், அங்கே ஒரு நாற்றுத் தட்டு உட்கார்ந்திருக்கும். உர மூட்டை வாசல் கதவுக்குப் பின்னால். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மூக்கைப் பிடிப்பார்கள், அப்புறம்தான் சௌக்கியமா என்று கேட்பார்கள்.

"ராத்திரி காலை நீட்டினா ஏதாவது ஒரு கம்பி குத்துது. நான் உன் புருஷனா, இல்ல இந்த சாமானுக்கெல்லாம் காவல்காரனா?" என்பார் அவள் கணவர். ரொட்டிக் கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். விடியும் முன்பே கிளம்பி, கடை கடையாக ரொட்டி போட்டுவிட்டு மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். ரொட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை என்று லீவு கிடையாது. தெருவில் எல்லோருக்கும் அவர் ரொட்டிக்காரர்தான்.

அவளுக்கு ஞாயிறு உண்டு. வாரம் முழுவதும் ஊரார் தோட்டத்தில் குனிந்து நிமிர்கிறவளுக்கு அந்த ஒரு நாள்தான் சொந்தம். அன்றைக்கு வீட்டுக்குப் பின்னாலிருந்த துண்டு நிலத்தில் தக்காளி, மிளகாய், கத்தரி என்று நாற்று விடுவாள். சும்மா பொழுதுபோக்குக்கு இல்லை. நாற்று விற்றே பிழைக்க வேண்டும், இனி ஒருத்தர் வீட்டுப் புல்லை முட்டி போட்டுப் பிடுங்கக் கூடாது என்பது அவள் கணக்கு. விதைக்கடைக்காரரிடம் பேசியும் வைத்திருந்தாள். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "நாத்து ஒரே சீரா, வாடாம இருக்கணும்மா. அப்படி கொண்டு வந்தா இந்த சீசனுக்கு மொத்தமும் உன்கிட்டயே எடுத்துக்கறேன். நல்லா போச்சுன்னா வருஷா வருஷம் நீதான்."

ஒரே சீராக வளர்க்க வெளிச்சமும் நிழலும் உள்ள ஓர் இடம் வேண்டும். ஃபிரிட்ஜின் தலையில் வளர்கிற நாற்று ஒரு பக்கமாகத்தான் சாயும். ஆக, ஒரு ஷெட் வேண்டும்.

கடைக்குப் போய்ப் பார்த்தார்கள். மழமழவென்று பாலிஷ் போட்ட ஷெட்டுகள் வரிசையாக நின்றன. ரொட்டிக்காரர் விலைச் சீட்டைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இந்த விலைக்கு வாங்கினா நாம இதுல குடியேறிட்டு, மண்வெட்டியை வீட்டுல வச்சுக்கலாம்" என்றார். வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் அவர்களே ஒன்று கட்டினார்கள். பேக்கிங் பலகையும் தார்ப்பாயும் கயிறும் வைத்துக் கட்டிய அந்த மாளிகை, ஒரு நல்ல காற்று வரும் வரைக்கும் நின்றது. தார்ப்பாய் பக்கத்து வீட்டு மாடியில் கிடைத்தது. பக்கத்து வீட்டில் குடியிருந்தது அவளுடைய சொந்த அக்காதான் என்பதால் சண்டை வரவில்லை, கேலிதான் வந்தது. "ஏண்டி, ஷெட்டைப் பறக்க விட்டு விளையாடறீங்களா?" என்றாள் அக்கா. அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். நாக்கிலும் அதே சூடு.

இந்த நேரத்தில்தான் மூலை வீட்டு மேடம் வாயைத் திறந்தார்.

மூலை வீட்டில் அவளுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை. பெரிய தோட்டம். அதன் கோடியில் பல வருடமாகத் திறக்காத ஒரு மர ஷெட், பாசி படிந்து, சிலந்தி கூடு கட்டி நின்றது. அவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை மேடம் கவனித்திருக்க வேண்டும்.

"உனக்கு வேணுமா? எடுத்துக்கோ" என்றார் மேடம்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "எவ்வளவு மேடம் தரணும்?"

"சீ, உன்கிட்ட போய் காசு வாங்குவேனா? சும்மா எடுத்துக்கோ. பாவம், உனக்காவது உபயோகமா இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு, அந்த இடத்தைச் சுத்தம் பண்ணிக் குடுத்துடு. அடியில இருக்கற சிமெண்டுத் தரையையும் பேத்துடு. ஒரு ஆணி கூட கிடக்கக் கூடாது."

"அதுக்கென்ன மேடம், கண்ணாடி மாதிரி பண்ணிடறேன்" என்றாள். மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, குரல் தழுதழுக்க நன்றி சொன்னாள். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அந்தத் தண்ணீரை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

ஷெட்டைப் பிரிப்பது லேசுப்பட்ட வேலையா? துருப்பிடித்த திருகாணிகள் ஒன்றும் அசையவில்லை. கூரைக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. ஒத்தாசைக்கு வந்த அக்காவின் காதில் ஒன்று கொட்டி, காது பன் மாதிரி வீங்கியது. ரொட்டிக்காரரின் உள்ளங்கையை ஒரு ஆணி கிழித்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் வந்தார். கடப்பாரையால் சிமெண்டுத் தரையைப் பேர்த்து, கல்லும் கட்டியுமாக வாரி, வேனில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். வேனைக் கழுவி, ரொட்டி வாசனை திரும்ப வரும் வரை துடைத்தார் மனுஷன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். மேடம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அந்த மூலையில ஒரு கட்டி இருக்கு பாரு" என்று மட்டும் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர்? மூச்.

பலகைகளை எந்த வரிசையில் திரும்பப் பூட்டுவது என்பதற்கு ரொட்டிக்காரரிடம் ஒரு வழி இருந்தது. கம்பெனி லேபிள் ரோல்கள் எப்போதும் வேனில் கிடக்கும். முன்சுவருக்குக் கோதுமை ரொட்டி, பின்சுவருக்குப் பால் ரொட்டி, இடப்பக்கம் இனிப்பு பன், வலப்பக்கம் உப்பு பிஸ்கட். ஒவ்வொரு பலகையிலும் ஒரு லேபிள், அதன்மேல் பேனாவில் ஒரு நம்பர். வெளிப்பக்கம் பாசி பிடித்திருந்ததால் லேபிள் ஒட்டவில்லை. அதனால் எல்லாவற்றையும் உள்பக்கத்தில் ஒட்டினார்.

இங்கேதான் வினை. வீட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டும்போது மூன்று பேருக்கும் களைப்பு. லேபிள் எந்தப் பக்கம் வரணும் என்று அக்கா கேட்டாள்.

"வெளியதான்! இத்தனை வருஷத்துல ரொட்டிக்கு உள்ள லேபிள் ஒட்டி எங்கயாவது பாத்திருக்கீங்களா?" என்றார் ரொட்டிக்காரர், தொழில் தெரிந்தவர் தோரணையில்.

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. கூரை ஏறியது, கதவு மாட்டியாயிற்று. பூட்டலாம் என்று அவள் பூட்டை எடுத்துக்கொண்டு போனால் கொண்டியைக் காணோம். தேடினால், ஷெட்டுக்கு உள்ளே இருந்தது. முழு ஷெட்டும் உள்வெளியாக நின்றுகொண்டிருந்தது. பச்சை பெயிண்ட் அடித்த பக்கம் உள்ளே, வெறும் மரம் வெளியே. வெளிச்சுவரில் கோதுமை ரொட்டி, இனிப்பு பன் என்று ஊருக்கே விளம்பரம்.

அக்கா சிரித்த சிரிப்பில் வீங்கிய காது இன்னும் சிவந்தது. "நீ உள்ள உக்காந்துதான் பூட்டணும்டி. திருடன் வந்தா யாருன்னு கேட்டுட்டுத் திறந்து விடு." மறுபடி பிரிக்க யாருக்கும் தெம்பில்லை. கொண்டியை மட்டும் மாற்றிப் போட்டார்கள். வேலை பார்த்த வீடுகளில் மிச்சமாகிக் கிடந்த பெயிண்ட் டப்பாக்களை வாங்கி வந்து, சுவருக்கு ஒரு நிறமாக வெளிப்பக்கத்தில் பூசினாள். பார்க்கத் தமாஷாகத்தான் இருந்தது. ஆனால் ஒழுகவில்லை, காற்றுக்கு ஆடவில்லை. ஜன்னலுக்குக் கீழே அலமாரி அடித்து நாற்றுத் தட்டுகளை வரிசையாக அடுக்கினாள். அன்றைக்கு ராத்திரி ரொட்டிக்காரர் கட்டிலில் காலை முழுசாக நீட்டிப் படுத்தார்.

அந்தச் சந்தோஷம் எத்தனை நாளைக்கு? மேடம் ஒரு நாள் காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு பழம்கூட இல்லாமல், நேராகப் பின்பக்கம் போய் ஷெட்டைச் சுற்றி வந்தார்.

"ஐயையோ, எங்க ஷெட்டை இப்படிப் பண்ணி வச்சிருக்கீங்களே! என்ன கண்றாவி கலர் இது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

எங்க ஷெட். அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் கொடுத்தவர் ஆயிற்றே, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தாள்.

புறப்படும்போது மேடம் சொன்னார்: "அந்த ஷெட் இருந்த இடத்துல புதுசா புல்லு பதிக்கப் போறோம். ஞாயித்துக்கிழமை ஒரு அரை நாள் வந்துட்டுப் போ. இவ்வளவு பெரிய ஷெட்டைத் தூக்கிக் குடுத்திருக்கோம், இது என்ன பெரிய விஷயமா?"

நியாயம்தானே என்று போனாள். அரை நாள் முழு நாளாயிற்று. கூலிப் பேச்சே இல்லை. அடுத்த ஞாயிறு வேலி ஓரம் செடி நடக் கூப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறு மேடத்தின் தங்கை வீட்டில் காய்ந்த மரக்கிளை வெட்ட வேண்டுமாம். "நம்ம தோட்டக்காரிதான், சும்மா வருவா, ஷெட்டெல்லாம் குடுத்திருக்கோம்" என்று தங்கையிடம் போனில் பேசியதை இவள் காதாலேயே கேட்டாள். அப்புறம் தோட்டமே இல்லை, மாடியிலிருந்து சோபாவை இறக்க ஓர் ஆள் குறைகிறதாம். சோபாவுக்கும் தோட்டத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? ஷெட் கொடுத்தாயிற்றே, அதுதான் சம்பந்தம்.

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வராமல் இல்லை. அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டு வேலை மேடம் சொல்லித்தான் கிடைத்தது. மேடம் முகத்தைத் திருப்பினால் மூன்று வீடும் போகும். நாற்று வியாபாரம் கால் ஊன்றும் வரை அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும்.

"விடும்மா. நன்றி கெட்டவங்கன்னு ஒரு பேரு நமக்கெதுக்கு?" என்றார் ரொட்டிக்காரர்.

"நன்றி சரி. நன்றிக்கு ஒரு முடிவு இருக்கா இல்லையா? உசுரு இருக்கற வரைக்கும் இவ ஞாயித்துக்கிழமை எல்லாம் அந்தம்மாவுக்கா?" என்று அக்கா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "ஏண்டி, உன் வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?"

சும்மா வந்த ஷெட்டில் நாற்று வளர்ந்துகொண்டிருந்தது, அதைப் பார்க்க வேண்டியவள் மூலை வீட்டில் இருந்தாள். வேலை முடிந்து வந்து, இருட்டில் டார்ச் வைத்துக்கொண்டு களை பார்ப்பாள், தண்ணீர் தெளிப்பாள். அப்படியும் அவை வந்தன. தண்டு பருத்து, இலை விரிந்து, எல்லாம் ஒரே உயரம். விதைக்கடைக்காரர் ஒரு தட்டைப் பார்த்துவிட்டு, "இதுதாம்மா நான் கேட்டது. திங்கக்கிழமை மொத்தத்தையும் கொண்டு வந்துடு. கடை வாசல்ல போர்டு எழுதி வச்சுடறேன்" என்றார். அவள் அன்றைக்குத் தெருவில் நடக்கவில்லை, மிதந்தாள்.

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு வெயில் மண்டையைப் பிளந்தது. காலையிலேயே போன் வந்தது. யாரோ விருந்தாளிகள் வருகிறார்களாம், தோட்டத்து நாற்காலிகளை எல்லாம் கழுவிப் போட வேண்டுமாம். ஒரு மணி நேர வேலைதானாம். பூனை புகுந்து தட்டைக் கவிழ்த்துவிடும் என்று ஷெட் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். வந்து திறந்துகொள்ளலாம் என்று நினைத்தாள்.

நாற்காலி முடிந்ததும் மேசை. மேசை முடிந்ததும் வாசற்படி. "மேடம், வீட்டுல நாத்து இருக்கு, நான் கொஞ்சம் போயிட்டு வந்துடறேனே" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"நாத்து எங்க ஓடியா போயிடும்? எங்க ஷெட்டுல பத்திரமாத்தானே இருக்கு!" என்று மேடம் சிரித்தார்.

அவள் ஓடி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ரொட்டிக்காரர் அன்றைக்குக் கூடுதல் ரவுண்டு போயிருந்தார். அக்கா சலவைக்கடையில். ஷெட் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த சூட்டில் ஓரடி பின்னால் வந்துவிட்டாள். உள்ளே எல்லா நாற்றும் தட்டோடு தட்டாகப் படுத்துக் கிடந்தன. தண்ணீர் ஊற்றினாள், நிழலுக்குத் தூக்கிப் போனாள், ஒவ்வொன்றாகக் கையால் நிமிர்த்தினாள். வெந்த கீரை நிமிருமா? அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கோபத்தில் அழுகை வரவில்லை.

விதைக்கடைக்காரர் திட்டவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "போர்டெல்லாம் எழுதிட்டேனேம்மா. சரி, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். அடுத்த சீசன்ல பாப்போம்" என்றார். பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா?

அதற்கு மறுநாள் மூலை வீட்டில் வேலை. கை வேலை செய்தது, மனசு எங்கோ கிடந்தது. அப்போது கேட்டுக்கு வெளியே ஒரு லாரி வந்து நின்றது. பழைய சாமான்களை அகற்றுகிற லாரி. மேடம் வீட்டில் குளியலறைத் தொட்டியை மாற்றினார்கள், பழையதை எடுத்துப்போக ஆள் வந்திருந்தது. தொட்டியை ஏற்றிவிட்டுத் தண்ணீர் கேட்ட லாரிக்காரருக்குக் குழாயிலிருந்து இவள்தான் பிடித்துக் கொடுத்தாள். அவர் குடித்துக்கொண்டே தோட்டத்தின் கோடியைப் பார்த்தார்.

"அங்க ஒரு ஷெட் இருந்துச்சே. நீங்கதானா அதை எடுத்துட்டுப் போனது? என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டீங்களேம்மா!"

"நான் என்னங்க பண்ணேன்?"

"ஷெட்டைப் பிரிச்சு, தரையை உடைச்சு, அள்ளிட்டுப் போக நான்தான் ரேட்டு பேசியிருந்தேன். குறைக்கச் சொன்னாங்க, குறைச்சேன். நாள்கூட குறிச்சாச்சு. அப்புறம் இந்த வீட்டு சார் போன் பண்றாரு. நீ வர வேண்டாம்ப்பா, சும்மா தர்றோம்னு சொன்னா எங்க தோட்டக்காரியே எல்லாத்தையும் பண்ணிட்டுப் போயிடுவா, அப்படின்னு சிரிக்கறாரு."

"என்ன ரேட்டுங்க பேசினீங்க?"

அவர் சொன்னார். அந்த வீட்டில் மூன்று மாதம் குனிந்து நிமிர்ந்தால் அவளுக்குக் கிடைக்கும் சம்பளம் அது.

தண்ணீர் பிடித்த குழாயை மூட மறந்து நின்றாள். ஆக, கொடுத்தது தானம் இல்லை. குப்பையை இவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். கூலி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலையை ஓசியில் செய்ய வைத்து, அதற்கு இவளிடமே நன்றி வாங்கி, அந்த நன்றிக்கு வட்டியாக ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டு, கடைசியில் நாற்றையும் கொன்றிருக்கிறார்கள். இப்படியும் மனுஷர்கள் இருப்பார்களா? இருக்கிறார்கள், மாடியில் நின்றுகொண்டு கட்டி கிடக்கிறது பார் என்று கை காட்டுகிறார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியது ரொட்டிக்காரர்.

"அப்போ என் கை கிழிஞ்சது அவங்க வீட்டு வேலைக்கா? வேலை போனாலும் பரவாயில்லன்னு கம்பெனி வேன்ல நான் அவங்க குப்பையை அள்ளிக் கொட்டினேனா? நான் ஒரு கேனையன், விடும்மா விடும்மான்னு உன்னைத் தடுத்துட்டு இருந்தேன் பாரு!" சாப்பிடாமல் எழுந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சாப்பாட்டை விட்டு எழுந்ததை அவள் பார்த்ததில்லை.

"சரி, என்ன பண்ணப் போறே?" என்றாள் அக்கா.

"அவங்க ஷெட்டை அவங்ககிட்டயே குடுத்துடப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? அப்போ உனக்கு ஷெட்டு?"

"நாத்தே போச்சு. ஷெட்டை வச்சு நாக்கு வழிக்கவா?"

இந்தத் தடவை பிரிப்பது சுலபமாக இருந்தது. கோபம் இருக்கும்போது திருகாணி தன்னால் கழல்கிறது. ஞாயிறு காலை ரொட்டிக்காரர் ரவுண்டை வேறொரு டிரைவரிடம் மாற்றிக்கொண்டார். அன்றைக்கு மேடம் வீட்டில் மதிய விருந்து. இவளையும் கூப்பிட்டிருந்தார்கள், விருந்துக்கு இல்லை, தட்டு கழுவ.

வேன் மூலை வீட்டுத் தோட்டத்துக்குள் பின்பக்கமாகப் போனது. புதுப் புல் பச்சைக் கம்பளமாக விரிந்திருந்தது. அவளே முட்டி போட்டுப் பதித்த புல். அதன் மேல் அவளே கழுவிய வெள்ளை நாற்காலிகள். மூன்று பேரும் நாற்காலிகளை மரியாதையாக ஓரம் வைத்துவிட்டு, பலகைகளை இறக்க ஆரம்பித்தார்கள். சுவர், கூரை, கதவு, எல்லாம் ஷெட் முன்பு நின்ற அதே இடத்தில் ஒரு குவியலாக ஏறியது. ஆரஞ்சு, ஊதா, சாம்பல் என்று மிச்சப் பெயிண்ட் எல்லாம் வெயிலில் பளபளத்தது.

மேடம் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "என்ன இது? என்ன பண்றீங்க?"

"உங்க ஷெட் மேடம். திருப்பிக் குடுத்துட்டேன். ஒரு ஆணி கூட குறையாது, எண்ணிப் பாத்துக்கோங்க."

"நான் கேட்டேனா? குடுத்ததைத் திருப்பிக் குடுக்கறது என்ன பழக்கம்? இன்னும் கொஞ்ச நேரத்துல ஆளுங்க வந்துடுவாங்க!"

"குடுத்ததை வாரா வாரம் கேட்டுட்டேதானே மேடம் இருக்கீங்க? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கேட்டீங்க. இனிமே கேக்க வேண்டாம். அதோ கிடக்கு."

"உனக்கு எவ்வளவு திமிரு! பாவம்னு இரக்கப்பட்டுக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"இரக்கப்பட்டீங்களா?" அவள் குரல் உயர்ந்தது. உயரட்டும் என்று விட்டாள். "லாரிக்காரருக்குக் குடுக்க வேண்டிய கூலியை மிச்சம் பிடிச்சீங்க மேடம். அதுக்கு என்கிட்ட கண்ணீரோட நன்றி வாங்கினீங்க. நான் உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னப்போ ஒரு நிமிஷமாவது உங்களுக்குக் கூசலையா? என் நாத்து அத்தனையும் செத்துப் போச்சு. உங்க நாற்காலியைக் கழுவிட்டு இருந்தேன் நான்!"

சார் உள்ளிருந்து வந்தார். நிலைமையைப் பார்த்தவுடன் போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டார். கொஞ்ச தூரம் நடந்துபோய்ப் பேசினார். முகம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தார். "ஞாயித்துக்கிழமை வரமாட்டானாம். வந்தா இரண்டு மடங்கு கேக்கறான்" என்று மேடத்திடம் முணுமுணுத்தது இவள் காதிலும் விழுந்தது.

வாசல் பக்கம் ஒரு கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மேடம் பலகைக் குவியலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். "முதல்ல இதை இங்கேருந்து எடு. எடுத்துட்டுப் போயிடு."

"எடுத்துட்டுப் போறேன் மேடம். கூலி?"

"என்னது?"

"பழைய சாமானை அகத்தறதுக்குக் கூலி. லாரிக்காரர் போன தடவை பேசின ரேட்டையே குடுங்க, போதும். இன்னிக்கு அவர் கேக்கற இரண்டு மடங்கு எனக்கு வேண்டாம்."

"உன் ஷெட்டை நீ எடுத்துட்டுப் போக உனக்கே கூலியா? அநியாயமா இருக்கே!"

"இப்பவாவது என் ஷெட்டுன்னு உங்க வாயில வந்துச்சே" என்றாள் அக்கா, பின்னாலிருந்து.

சார் அதற்கு மேல் நிற்கவில்லை. உள்ளே போய்ப் பணத்தைக் கொண்டுவந்து ரொட்டிக்காரரிடம் நீட்டினார். ரொட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணால் மனைவியைக் காட்டினார். சார் திரும்பி அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். நன்றி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, பழக்க தோஷம். விழுங்கிவிட்டாள்.

"நாளையிலேருந்து நீ இங்க வேலைக்கு வர வேண்டாம். மத்த ரெண்டு வீட்டுலயும் நான் பேசிக்கறேன்" என்றார் மேடம்.

பேசுவார், சந்தேகமே இல்லை. அந்த இரண்டு வீடும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். இடுப்பில் இருந்தது இந்த ஒரு வீட்டின் மூன்று மாதச் சம்பளம். அது கரைவதற்குள் ஒரு சீசன் நாற்று வரும், வந்தே தீர வேண்டும்.

"பேசுங்க மேடம். அவங்க தோட்டத்துல கிடக்கற பழசுக்கும் நானே வர்றேன்னு சேத்துச் சொல்லுங்க" என்றாள்.

பலகைகளைத் திரும்ப வேனில் ஏற்றினார்கள். விருந்தாளிகள் ஒவ்வொருவராகத் தோட்டத்துக்குள் வந்து, ஆரஞ்சுச் சுவரும் ஊதாக் கதவும் தங்களைக் கடந்து போவதை வாய் பிளந்து பார்த்தார்கள். மேடம் நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அன்றைக்கு அதற்கு வேறு ஆள் இல்லை. கழுத்தில் முத்துமாலை போட்ட ஓர் அம்மா மட்டும் தட்டோடு வேன் அருகில் வந்தார். நல்ல மனசுக்காரர் போலச் சிரித்தார்.

"நீங்க பழைய ஷெட்டெல்லாம் எடுத்துக்குவீங்களா? எங்க வீட்டுலயும் ஒண்ணு கிடக்கு. உங்களுக்குன்னா சும்மாவே தர்றேன்."

தோட்டக்காரி கடைசிப் பலகையை உள்ளே தள்ளி, வேன் கதவைச் சாத்தினாள்.

"சும்மா எடுக்கறதில்லைங்க" என்றாள். "எவ்வளவு குடுப்பீங்க?"